சிங்கப்பூர் வீழ்ச்சியைச் சொல்லும் நூலை எடைபோடும் முறை

தமுக்கம் மைதானப் புத்தகத் திருவிழாவிலோ, மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர்த் தீவு ஜப்பானியர் வசமான கதையைக் கூறும் நூல் ஒன்றாவது கண்ணில் படக்கூடும். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வட்டாரங்களிலிருந்து மலேயாவுக்குப் பிழைக்கச் சென்ற குடும்பங்கள் பல என்பதால், இத்தகைய நூல்களுக்கு இப்பகுதியில் வாசகர்கள் உண்டு. விறுவிறுப்பான நடையை மட்டும் நம்பி அவற்றை வாங்குவது சரியன்று. சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படும் இடங்களில் ஆசிரியர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே நூலின் தரத்தைக் காட்டும். அந்த இடங்களை முன்பே அறிந்திருந்தால், கடையில் நின்றபடியே உரிய பக்கங்களைப் புரட்டி முடிவுக்கு வந்துவிடலாம்.

முதலில் பீரங்கிகளைப் பற்றிய பக்கத்தைத் தேடுங்கள். தீவின் பெரும்பீரங்கிகள் கடலை நோக்கியே நிறுவப்பட்டிருந்ததால் நிலவழியாக வந்த எதிரியை அவற்றால் சுட முடியவில்லை என்ற கதை இன்றும் எழுதப்பட்டு வருகிறது. உண்மையில் தீவின் பீரங்கித் தளமான ஜோகூர் பேட்டரியின் 15 அங்குலப் பீரங்கிகள் நிலப்பக்கம் திரும்பிச் சுட்டன. ஆனால், அவற்றுக்கு இருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் கவசத்தைத் துளைப்பதற்கானவை என்பதால், பரவி நிற்கும் காலாட்படைக்கு எதிராக அவை அதிகம் பயன்படவில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் பழங்கதையையே திருப்பிச் சொல்லும் ஆசிரியர், மற்ற இடங்களிலும் முந்தைய நூல்களைப் பார்த்தே எழுதியிருப்பார் என்று நான் கருதுவேன்.

அடுத்தது எண்ணிக்கை. 30,000 ஜப்பானியரிடம் 1,30,000 பேர் சரணடைந்தனர் என்று ஒரு நூல் கூறினால், அது இரண்டு வேறு கணக்குகளை ஒட்டவைத்திருக்கிறது: பெரிய எண் மலேயாப் போர் முழுவதிலும் சிறைப்பட்டவர்களையும் சேர்த்தது, சிறிய எண் தீவைத் தாக்கிய படையை மட்டும் குறிப்பது. தீவில் இருந்த பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலின் படை ஏறத்தாழ 85,000 பேர்; அவர்களிலும் சுமார் 15,000 பேர் போரிடும் பணியில் இல்லாதவர்கள். சரணடைவுக்குப் பின் நடந்த சூக் சிங் படுகொலையில் இறந்த சீனர்களின் தொகையும் இத்தகையதே. ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்டது ஏறத்தாழ 5,000. சீனச் சமூகத்தின் மதிப்பீடுகள் 50,000 வரை செல்கின்றன. ஒரே எண்ணை எழுதிவிட்டு அது யாருடைய கணக்கு என்று கூறாத நூலை நம்புவது கடினம்.

பலரும் கவனிக்கத் தவறுவது கடிகாரம். ஜப்பானியப் படை எங்கு போரிட்டாலும் டோக்கியோ நேரத்தையே பின்பற்றியது; அது அன்றைய சிங்கப்பூர் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருந்தது. பிப்ரவரி 15 அன்று போர் நின்றது இரவு 8.30 மணிக்கு என்று ஒரு நூலும், 10 மணிக்கு என்று மற்றொன்றும் எழுதினால், இரண்டுமே சரி. இருதரப்பு ஆவணங்களையும் உண்மையாகவே படித்த ஆசிரியர் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறார் என்பதை எங்காவது குறிப்பிட்டிருப்பார். குறிப்பிடாதவரின் நூலில், ஒரே இரவின் நிகழ்ச்சிகள் முன்பின்னாகக் குழம்பிக் கிடக்கும்.

நூலின் வரைபடத்தில் படை நகர்வைக் காட்டும் அம்புக்குறிகள் மட்டும் இருந்தால் போதாது. பெர்சிவல் சரணடைய முடிவெடுத்ததற்குக் குடிநீர்த் தட்டுப்பாடு முக்கியமான காரணம். ஆகவே நீர்த்தேக்கங்களும், உணவுக் கிடங்குகள் இருந்த புக்கிட் தீமாவும் அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

நமக்கு மிக நெருக்கமான சோதனை சிங்கப்பூரின் ஃபேரர் பூங்கா பற்றிய பகுதி. பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த இந்தியப் படைவீரர்கள் அங்கே பிரிட்டிஷ் வீரர்களிடமிருந்து பிரித்துத் திரட்டப்பட்டு, ஜப்பானிய மேஜர் புஜிவாராவாலும் பிரிட்டிஷ் இந்தியப் படையில் கேப்டனாக இருந்த மோகன் சிங்காலும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர அழைக்கப்பட்டனர். நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலையில். அதற்குள் மோகன் சிங்கின் முதல் இராணுவம் கலைந்துவிட்டிருந்தது. இந்த இரண்டு கட்டங்களையும் ஒன்றாகக் குழைத்து, 1942இலேயே நேதாஜியைக் கொண்டுவந்து நிறுத்தும் நூல்கள் நம் பக்கத்தில் விரும்பிப் படிக்கப்படுகின்றன. பக்தியால் எழுதப்பட்டவை என்பதற்காக அவற்றை மன்னிக்க வேண்டியதில்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில், இந்தியப் படைப்பிரிவுகள் போரிட்டதை ஓரிரு வரிகளில் முடித்துவிட்டு, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தளபதிகளின் சச்சரவுகளுக்கே நூறு பக்கம் ஒதுக்கும் ஆங்கில நூல்களும் உண்டு. பொருளடைவில் இந்தியப் பெயர்களைத் தேடினால் இது உடனே தெரிந்துவிடும்.

உரையாடல்களையும் ஐயத்தோடு அணுகுங்கள். சரணடைவு நடந்த ஃபோர்டு தொழிற்சாலையில் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவும் பெர்சிவலும் பேசியதற்குப் பதிவு உண்டு. அந்த அறையில் அவர்கள் மனத்துக்குள் நினைத்ததற்குப் பதிவு இல்லை. பின்னாளில் அவர்களே எழுதியதாகவோ சொன்னதாகவோ குறிப்புத் தராமல் அத்தகைய எண்ணங்களை விரிக்கும் நூலைப் புதினங்களின் வரிசையில் வைத்துப் படிக்கலாம்.