தவணை நாளில் சனத்தைக் காக்க வைக்காதீர்கள்

நான் 23 வருடம் கொழும்பில் ஒரு நீதிமன்றக் கந்தோரில் வழக்கேடுகளோடு இருந்தவள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா, தாபரிப்பு வழக்கு, அதாவது வாழ்க்கைச் செலவுக்குப் பணம் கேட்கும் வழக்கு. தையல் வேலை, போனால்தான் சம்பளம். காலை 8 மணிக்கு வந்தவரை 2 மணிக்குக் கூப்பிட்டார்கள். எதிராளிக்கு அழைப்பாணை சேரவில்லை என்று அடுத்த தவணை, அதாவது வழக்கைக் கூப்பிடும் அடுத்த நாள், குறித்தார்கள், அரை நிமிடத்தில். ஏட்டைப் பிரித்துப் பார்த்தேன். 'விலாசத்தில் ஆள் இல்லை' என்ற அறிக்கை 3 கிழமைக்கு முன்பே வந்து உள்ளே குத்தியிருந்தது. எங்களில் யாரும் பார்க்கவில்லை.

ஆகவே முதல் வேலை இதுதான்: தவணைக்கு 10 நாள் முன்பு அந்த நாளின் ஏடுகளை எல்லாம் எடுத்து, அழைப்பாணை சேர்ந்ததா என்று மட்டும் பாருங்கள். சேராததை அன்றைக்கே நீதிபதியின் கவனத்துக்கு வைத்து, மறுபடி அனுப்பக் கட்டளை எடுங்கள். மட்டக்குளி, வெள்ளவத்தைத் தொடர்மாடி என்றால் மாடி இலக்கம், வீட்டு இலக்கம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். தெருப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அழைப்பாணையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிஸ்கால் யாரைத் தேடுவார்?

அப்புறம் நேரம். எல்லாருக்கும் 9 மணி என்று எழுதாதீர்கள். கூப்பிட்டுத் தவணை குறிக்க மட்டும் உள்ளவை முதலில், சாட்சி கேட்கும் விளக்கத்துக்கு உள்ளவை பின்னால். நீதிபதி சம்மதித்த பிறகு சட்டத்தரணிகளிடமும் சொல்லிவிடுங்கள். ஒரே காலையில் அவர்கள் நாலு நீதிமன்றத்துக்கு ஓடுகிறவர்கள்.

கொழும்பில் வழக்கு சிங்களத்தில் நடக்கும். அது விளங்காதவருக்கு அரசே உரைபெயர்ப்புத் தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. அது சலுகை இல்லை, உரிமை. முதல் தவணையிலேயே கேட்டு, ஏட்டின் மட்டையில் சிவப்பு மையால் 'தமிழ்' என்று எழுதுங்கள். அப்படியான வழக்குகளை அடுத்தடுத்துப் போட்டால், இருக்கிற ஒரு மொழிபெயர்ப்பாளரே போதும்.

2020இல் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம், நாட்டின் அதி உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தின் நீதியரசர் தொகையை 11இலிருந்து 17 ஆக்கியது. மேலே அது தேவைதான். ஆனால் பஸ் ஏறி நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது உங்கள் மேசையை.

சரி, பலன் தெரிய ஒரு கொப்பி போதும். நாளுக்கு 10 பேரிடம், வந்த நேரத்தையும் போகும் நேரத்தையும் கேட்டு எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் கொப்பியைப் பதிவாளரிடம் காட்டுங்கள்.