வேலியில பொட்டு (ஓட்டை) விழாமப் பாத்துக்கொள்ளுங்கோ: கிருமியை வெளியில நிப்பாட்டுற உடம்புக்கு நாங்கள் செய்யவேண்டியது

முதல்ல செருப்பைக் கழட்டிப்போட்டு வெளிச்சமான இடத்தில இருந்து, கால் சின்ன விரலையும் அதுக்குப் பக்கத்து விரலையும் விரிச்சுப் பாருங்கோ. இடையில தோல் வெள்ளையா ஊறி, நனைஞ்ச பேப்பர் மாதிரி உரியுதா, அடியில மெல்லிசா ஒரு சிவப்பு வெடிப்புத் தெரியுதா? பெரிசா நோகாது, இடைக்கிடை கடிக்கும், அவ்வளவுதான். கொழும்பில மழைக்காலத்தில சப்பாத்தோட வேலைக்குப் போற கனபேருக்கு இது இருக்கும், சேத்துப்புண்தானே எண்டு சொல்லிப்போட்டு விட்டுடுவம். என்ர அப்பாக்கும் இருந்தது, அவர் சீனி வருத்தக்காரர் வேற. வெள்ளவத்தையில எங்கட ஒழுங்கையில கணுக்கால் மட்டும் தண்ணி நிண்ட ஒரு நாள், கடைக்குப் பாண் வாங்கப் போட்டு வந்தவர், காலை நல்லாக் கழுவவும் இல்ல, துடைக்கவும் இல்ல. மூண்டாம் நாள் குளிர் காய்ச்சல், கால் வீங்கிச் சிவந்து தொட ஏலாது. அந்தக் கதையைக் கடைசியில சொல்லுறன், ஏனெண்டா அதில நீங்கள் செய்து பாக்கவேண்டிய ஒரு விசயம் இருக்கு.

நான் பார்மசியில கவுண்டருக்குப் பின்னால நிண்டு வேலை செய்யிற ஆள். நோய் எதிர்ப்பு சக்தி கூடுறதுக்கு ஏதாவது தாங்கோ எண்டு கேக்காத நாள் இல்ல. ஆனா கிருமி உள்ள வந்த பிறகு சண்டை பிடிக்கிறதைப் பற்றித்தான் எல்லாரும் யோசிக்கினம், வராம நிக்கிற வேலியைப் பற்றி ஒருத்தரும் கேக்கிறேல்ல. ஊரில வேலி அடைச்ச ஆக்களுக்குத் தெரியும், படலையைப் பூட்டி வைச்சாலும் நாய் வாறது பொட்டுக்குள்ளாலதான். உடம்பும் அப்பிடித்தான். தோல், மூக்குச் சளி, கண்ணீர், எச்சில், இரைப்பை அமிலம், சலம் போற பாதை, இதெல்லாம் வேலி. அதில பொட்டு விழுத்துறது முக்கால்வாசி நாங்களேதான், அதுவும் சுத்தம் எண்ட பேரில.

தோலில இருந்து தொடங்குறன். மேல இருக்கிறது செத்த செல்கள், செங்கல் அடுக்கின மாதிரி, இடையில சாந்து மாதிரி ஒரு கொழுப்பு. உள்ளங்கால் மாதிரித் தடிப்பான இடங்களை விட்டா, உடம்பில கனக்க இடத்தில அந்த அடுக்கு ஒரு பேப்பர் தாளை விட மெல்லிசு, ஆனா முழுசா இருந்தா கனக்கக் கிருமிக்கு அதைத் தாண்டவே ஏலாது. தோலுக்கு மேல லேசான புளிப்புத் தன்மையும் இருக்கு, பிஎச் 5 அளவில, அதோட எங்களுக்கு ஒண்டும் செய்யாத பக்டீரியாக்கள் இடம் பிடிச்சு இருக்கிறதால புதுசா வாற கெட்டதுகளுக்கு இடம் கிடைக்கிறது கஷ்டம். இப்ப நாங்கள் என்ன செய்யிறம், வேர்க்குது எண்டு ஒரு நாளைக்கு மூண்டு தரம் சவுக்காரம் போட்டு, பொச்சால தேச்சு, அதுக்கு மேல குளிக்கிற தண்ணியில கிருமிநாசினியும் ஊத்துறம். கட்டிச் சவுக்காரத்தின்ர பிஎச் 9, 10 அளவில இருக்கும், அது அழுக்கோட சேத்து அந்தச் சாந்தையும் கழுவிக்கொண்டு போயிடும். பிறகு தோல் காஞ்சு கடிக்கும், சொறிவம், நகம் பட்ட இடம் பொட்டு. இந்த வெக்கைக்கு ரெண்டு தரம் குளியுங்கோ, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்ல, ஆனா சவுக்காரம் கமக்கட்டு, கவடு, கால், ஊத்தை பிரண்ட இடம், அதுகளுக்குப் போதும், மற்ற இடத்துக்குத் தண்ணி காணும். கை கழுவுறது வேற கதை, அதுக்கு எப்பவும் சவுக்காரம் வேணும், சாப்பாட்டுக்கு முந்தியும் ரொய்லெட்டுக்குப் பிறகும்.

விரல் இடுக்குக்கு வாறன். குளிச்ச உடன துவாயின்ர ஒரு மூலையை விரலுக்கு இடையில விட்டு இழுத்து ஒவ்வொரு இடுக்கையும் ஈரம் இல்லாமத் துடையுங்கோ, கால் துடைக்கத் துவாய் வேறையா வைச்சிருங்கோ. நேற்று நனைஞ்ச சப்பாத்தை இண்டைக்குப் போடாதேங்கோ, ரெண்டு சோடி இருந்தா மாத்தி மாத்திப் போடுங்கோ, உள்ளுக்குப் பழைய பேப்பரை அடைஞ்சு ஃபேனுக்குக் கீழ வையுங்கோ. ஏற்கெனவே ஊறி வெடிச்சிருந்தா அது பெரும்பாலும் பங்கசு, குளோட்ரிமசோல் கிரீம் பூசலாம், ஆனா கடி நிண்ட உடன விடாம பெட்டியில போட்டிருக்கிற நாள் முடியும் மட்டும் பூசவேணும். ஒண்டு கெஞ்சிக் கேக்கிறன், பக்கத்து வீட்டு அன்ரி தந்தவா எண்டு ஸ்டீரொயிட் கலந்த கிரீமைப் பூசாதேங்கோ, ரெண்டு நாளில சுகமான மாதிரிக் காட்டும், உள்ள தோல் மெலிஞ்சு பங்கசு பரவும். சீனி வருத்தம் உள்ள ஆக்களுக்குக் கால் விறைச்சிருந்தா நோவே தெரியாது, அவை நோவை நம்பி இருக்காம தினமும் கண்ணாலதான் பாக்கவேணும், குனிய ஏலாட்டி நிலத்தில ஒரு கண்ணாடியை வைச்சுப் பாக்கலாம். குதி வெடிப்புக்கு இரவில வஸ்லீன் பூசி சொக்ஸ் போட்டுப் படுங்கோ, விரல் இடுக்கில மட்டும் பூச வேண்டாம், அங்க ஈரம் கூடும்.

வெள்ளத் தண்ணிக்குள்ள இறங்கித்தான் ஆகவேணும் எண்டு வாற நாட்கள் எங்களுக்குத் தெரியாததில்ல, 2016 மே மாசம் களனி ஆறு பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் கிடந்த கிடை கனபேருக்கு ஞாபகம் இருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி எலியின்ர சலத்தோட தண்ணியில கலந்து, வெடிச்ச தோலாலயும் கண் வாய் மூக்காலயும் உள்ள போறது. பூட்ஸ் இருந்தாப் போடுங்கோ, காயத்துக்குத் தண்ணி உள்ள போகாத பிளாஸ்டர் ஒட்டுங்கோ, வந்த உடன சவுக்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கோ. கனக்க நாள் தண்ணிக்குள்ள நிக்கவேண்டி வந்தா உங்கட பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியின்ர (எம்ஓஎச்) ஒபிஸில கேளுங்கோ, தடுப்பு மாத்திரை தேவையா எண்டு அவை சொல்லுவினம், நீங்களா வாங்கிப் போட வேண்டாம். பிறகு ஒண்டு ரெண்டு கிழமையில காய்ச்சல் வந்தா, வெள்ளத்துக்குள்ள நிண்டனான் எண்டு டொக்டரிட்ட முதல் வசனமாச் சொல்லுங்கோ.

வெட்டுக்காயத்துக்குக் கோப்பித்தூள், மஞ்சள் எண்டு ஒண்டும் வைக்காதேங்கோ, பைப்பைத் திறந்து ஓடுற தண்ணியில கழுவி, சுத்தமான துணியால அமத்திப் பிடிச்சு, மூடுங்கோ. சுட்டுப்போட்டா 20 நிமிசம் பைப் தண்ணிக்குள்ள, பற்பசை இல்ல. நாய் பூனை கடிச்சா இல்லாட்டிப் பிறாண்டினா, சின்னக் கீறல் எண்டாலும் 15 நிமிசம் மணிக்கூட்டைப் பாத்து சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு நேர ஆசுப்பத்திரிக்குப் போங்கோ, அரசாங்க ஆசுப்பத்திரியில ஊசி சும்மாதான் போடுவினம், நாளைக்குப் பாப்பம் எண்டு இருக்கவே கூடாது.

நுளம்பு இருக்கே, அது வேலியைப் பிரிச்சு வாறேல்ல, ஊசி மாதிரிக் குத்தி நேர தோலுக்கு உள்ளயே டெங்குக் கிருமியை விட்டிடும். 2017இல நாட்டில 1,86,000 பேருக்கு மேல டெங்கு. அது பகலில, அதுவும் விடியவும் பின்னேரமும் கடிக்கிற நுளம்பு, அதால பகல் நித்திரைக்கும் வலை, பிள்ளையளுக்கு நீட்டுக் கை சட்டை. கதவு யன்னலை எல்லாம் பூட்டிப்போட்டு நுளம்புச் சுருள் கொளுத்துறது சரியில்ல, அந்தப் புகை அடுத்த வேலியைக் கெடுக்கும்.

அடுத்த வேலி மூக்கும் சுவாசக் குழாயும். உள்ள ஒட்டுற சளி, அதுக்குக் கீழ கண்ணுக்குத் தெரியாத மயிர் மாதிரிச் சின்னச் சின்னத் துடுப்புகள், ஒரு செக்கனுக்குப் பத்துத் தரத்துக்கு மேல அடிச்சு அடிச்சு, காலி ரோட்டுப் புகையையும் தூசியையும் கிருமியையும் சளியோட சேத்துத் தொண்டைக்குத் தள்ளும், நாங்கள் தெரியாமலே விழுங்குவம், இரைப்பையில இருக்கிற அமிலம் மிச்சத்தைப் பாத்துக்கொள்ளும். சிகரெட், சுருள் புகை, பூட்டின அறைக்குள்ள சாம்பிராணி, இதெல்லாம் அந்தத் துடுப்புகளைச் சோர்வாக்கும். நாள் முழுக்க ஏசிக்குள்ள இருக்கிற ஆக்கள் அடிக்கடி தண்ணி குடியுங்கோ. மூக்கு மயிரைப் புடுங்க வேண்டாம், கத்தரிக்கோலால நுனியை மட்டும் வெட்டுங்கோ, மூக்கை நோண்டவும் வேண்டாம், மூண்டில ஒரு ஆளின்ர மூக்கு வாசலில ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் எண்ட பக்டீரியா சும்மா இருக்கும், நகத்தால கீறினா அதுக்கு நாங்களே வழி விட்ட மாதிரி.

இந்தச் சளியை அருவருப்பாப் பாக்கிற ஆக்களுக்கு ஒரு கதை. பெனிசிலினைக் கண்டுபிடிச்ச அலெக்சாண்டர் பிளெமிங், அதுக்கு முந்தி 1921இல தடிமன் பிடிச்சிருக்கேக்க தன்ர மூக்குச் சளியை எடுத்து பக்டீரியா வளர்த்த தட்டில விட்டுப் பாத்தவர், சளி பட்ட இடத்தில பக்டீரியா கரைஞ்சு போச்சு. அதில இருந்ததுதான் லைசோசைம், கண்ணீரிலயும் எச்சிலிலயும் இருக்கு. கண்ணீர் சேக்கிறதுக்காக அவர் கூட இருந்த ஆக்களின்ர கண்ணில தேசிக்காய் மாதிரி லெமன் புளி விட்டவராம். நீங்கள் அப்பிடி ஒண்டும் செய்ய வேண்டாம், கண்ணைக் கசக்காம, கொன்டக்ட் லென்ஸைப் பைப் தண்ணியில கழுவாம இருந்தாலே போதும். காதுக் குறும்பியும் அப்பிடித்தான், எண்ணெய்ப் பசையோட காதுத் தோலைக் காக்கிறது, தானா வெளியில வரும், பட்ஸ் விட்டா உள்ள போய் அடைக்கும்.

இரைப்பை அமிலத்தைப் பற்றிச் சொல்லேக்க எனக்கு மனசு கனக்கும். பிஎச் 2 அளவில இருக்கிற அந்த அமிலம்தான் வெளியில சாப்பிடுற சம்பலோடயும் வடையோடயும் வாற கனக்கக் கிருமியைக் கொல்லுது. காஸ்ட்ரைட்டிஸ் எண்டு ஒருக்கா எழுதிக் குடுத்த, அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல் துண்டை வைச்சுக்கொண்டு மூண்டு நாலு வருசமா வாங்குற ஆக்கள் இருக்கினம். தேவை உள்ள ஆக்களுக்கு அது நல்ல மருந்து, நீங்களா நிப்பாட்ட வேண்டாம், ஆனா இன்னும் வேணுமோ எண்டு டொக்டரிட்ட ஒருக்காக் கேளுங்கோ, அமிலம் குறைஞ்ச வயித்தில வயித்தோட்டக் கிருமிக்கு வழி லேசு. அதே மாதிரித் தடிமனுக்கு ரெண்டு அமொக்சிலின் தாங்கோ எண்டு கேக்காதேங்கோ, அது பக்டீரியாவைக் கொல்லுற மாத்திரை, தடிமன் வைரசால வாறது, மாத்திரை கொல்லுறது குடலில காவலுக்கு இருக்கிற நல்ல பக்டீரியாவை.

பெண்களுக்கு ஒரு விசயம், வெக்கப்படாம வாசியுங்கோ. பெண்ணுறுப்புக்கு உள்ளயும் புளிப்புத் தன்மை இருக்கு, லக்டோபசிலஸ் எண்ட பக்டீரியா உண்டாக்குறது, அதுதான் அங்கத்த காவல். உள்ளுக்குச் சவுக்காரமோ வாசனைத் தண்ணியோ விடக்கூடாது, வெளியில தண்ணியால கழுவினாப் போதும், ரொய்லெட்டில எப்பவும் முன்னால இருந்து பின்னால. பஸ்ஸில யாழ்ப்பாணம் போகேக்க வழியில ரொய்லெட் சரியில்ல எண்டு தண்ணி குடிக்காம இருக்கிறனியள் தானே, நானும் இருந்திருக்கிறன். சலம் போகேக்க பாதையில ஏறி வாற கிருமியையும் அடிச்சுக்கொண்டு போகும், அடக்கினா அது அங்கயே தங்கிப் பெருகும். குடிச்சுப்போட்டு, பஸ் நிக்கிற இடத்தில இறங்கிப் போங்கோ.

இனி அப்பான்ர கதை. இரவு 9 மணிக்கு நான் வேலையால வரேக்க, வலது கால் சின்ன விரலில இருந்து கணுக்கால் மட்டும் சிவப்பு. நாளைக்குப் பாப்பம் பிள்ளை எண்டார். நான் நீலப் பேனையால அந்தச் சிவப்பின்ர விளிம்பைச் சுத்திக் கோடு கீறி, பக்கத்தில நேரத்தையும் எழுதினன். ஆனா குளிர் காய்ச்சலோட சீனி வருத்தக்காரரை அண்டைக்கே கொண்டு போயிருக்கவேணும், நான் அவரின்ர சொல்லைக் கேட்டு விட்டிட்டன். விடிய 5 மணிக்கு லைட்டைப் போட்டுப் பாத்தா, சிவப்பு என்ர கோட்டை ரெண்டு விரல் அகலம் தாண்டி நிக்குது. ஓட்டோ பிடிச்சுக் கொண்டு போனம், ஒன்பது நாள் ஊசி மருந்து, கால் தப்பினது. வீட்டில ஆருக்காவது அப்பிடிச் சிவந்தா கோட்டைக் கீறுங்கோ, காய்ச்சலோ சீனி வருத்தமோ இல்லாட்டி. அது கோட்டைத் தாண்டினா உடன போங்கோ. காய்ச்சலும் குளிரும், சீனி வருத்தம், தாங்க ஏலாத நோ, இதில ஒண்டு இருந்தாலும் கோட்டைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, அந்த இரவே வெளிக்கிடுங்கோ.