1234567890: உள்ளே என்ன இருக்கிறது, பிரித்துப் பார்க்கலாம் வாங்க

ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக அடித்து, கடைசியில் ஒரு பூஜ்யம். 123 கோடியே 45 லட்சத்து 67 ஆயிரத்து 890. இதைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கப் போய் ஒரு சாயங்காலம் முழுக்கத் தொலைத்தேன். உங்களுக்கு அவ்வளவு ஆகாது. பேப்பரும் சாதாரண கால்குலேட்டரும் போதும்.

படி 1: சுலபமாகக் கழல்வதைக் கழற்றுங்கள். பூஜ்யத்தில் முடிவதால் 2, 5 இரண்டும் போகும். இலக்கங்களைக் கூட்டினால் 45, ஆகவே 9-உம் போகும். 90-ஆல் வகுத்தால் மிஞ்சுவது 13717421.

படி 2: நான் சறுக்கிய இடம். 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டே போனேன். 1000 வரையுள்ள 168 பகா எண்களில் ஒன்றுகூட மீதியில்லாமல் போகவில்லை. 'இது பகா எண்தான்' என்று எழுதிக் கடையை மூடிவிட்டேன். தப்பு! வர்க்கமூலம் வரை பார்த்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். அதைத் தாண்ட வேண்டியதில்லை. இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருந்தால் பெருக்கல் தொகை எண்ணையே மிஞ்சிவிடுமே. இங்கே வர்க்கமூலம் சுமார் 3703.7. காரணி ஒளிந்திருந்தது 3607-இல், அதாவது 504-ஆவது பகா எண்ணில். நான் மூன்றில் ஒரு பங்குகூடத் தாண்டவில்லை.

படி 3: கீழிருந்து ஏறாமல் வர்க்கமூலத்திலிருந்தே தொடங்குங்கள். இது பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவின் உத்தி: வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழியுங்கள். மிஞ்சுவதும் ஒரு வர்க்கமாக இருந்தால், நம் எண் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம்; அவற்றின் மூலங்களைக் கழித்தால் ஒரு காரணி, கூட்டினால் இன்னொன்று. 1643-இல் 2027651281 என்ற எண்ணை 44021 × 46061 என்று இப்படித்தான் பிரித்துக் காட்டினார்.

3704-இன் வர்க்கம் 13719616. நம் எண்ணைக் கழித்தால் 2195. இது வர்க்க எண் இல்லை.
3705-இன் வர்க்கம் 13727025. கழித்தால் 9604. அட, 98 × 98!

3705-இலிருந்து 98-ஐக் கழித்தால் 3607, கூட்டினால் 3803. இரண்டே முயற்சி. இரண்டும் பகா எண்களா என்று உறுதிசெய்ய 61 வரை வகுத்துப் பார்த்தால் போதும்.

படி 4: ஆக, 2 × 3² × 5 × 3607 × 3803. ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 48 வகுத்திகள். 3-இன் அடுக்கு 2 என்பதை மறந்தால் 32 என்று வரும். தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை 1977042798. எண்ணைவிடவே பெரியது, அதனால் இது மிகை எண்.

கணினியில் செய்வதானால் என் ஓட்டு பைத்தான் நிரல்மொழிக்கு. வகுக்க இரட்டைச் சாய்கோடு போடுங்கள்; ஒற்றைச் சாய்கோடு தசம எண்ணாக மாற்றிவிடும். ஸ்பிரெட்ஷீட் பக்கம் போகாதீர்கள், 15 இலக்கங்களுக்கு மேல் பூஜ்யமாக்கி வைக்கும்.

பின்சேர்க்கை: படி 1-ஐ விட்டுவிட்டு முழு எண்ணுக்கே ஃபெர்மா உத்தியைப் போட்டேன், நிரல் நிற்காமல் ஓடுகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நிற்கவே நிற்காதுங்க. எந்த வர்க்கத்தையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1; இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் மீதி 2 தராது. நம் எண்ணின் மீதி 2. முதலில் 2-ஐக் கழற்றியே ஆகவேண்டும்.

இன்னொருவர் 987654321-ஐ எடுத்து, 9-ஐக் கழற்றியதும் நேராகப் படி 3-க்குத் தாவியிருக்கிறார். அங்கே காரணிகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம்: 17² × 379721. ஃபெர்மா வழியில் ஏறக்குறைய 1,80,000 முயற்சிகள் ஆகும். 17-ஆல் ஒரு தடவை வகுத்துப் பார்த்திருக்கலாம்.