இந்தியாவுக்கு வெளிக்கிட முன்: வன்னி ஆட்கள் மாதம் பார்ப்பதில் விடும் பிழைகள்

"இந்தியாவுக்குப் போறம், அங்க இப்ப மழையோ வெயிலோ?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்தியாவில் எங்கே?

கேள்வியில் பிழையில்லை, பழக்கம் அப்படி. இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் மாரி, கோடை என்று இரண்டே காலம். ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் மழை. பிறகு வெயில், நடுவில் புழுதியை வாரி முகத்தில் அடிக்கிற சோழகக் காற்று. இரணைமடுக் குளத்தின் வான்கதவைத் திறந்தார்கள் என்றால் முல்லைத்தீவிலும் மழை, வவுனியாவிலும் மழை என்று பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இந்தக் கணக்கு இந்தியாவில் எடுபடாது. ஒரே ஜூலை மாதத்தில் சிரபுஞ்சியில் விடாமல் கொட்டும், லடாக்கில் சொற்ப மழைதான், மதுரையில் வெயில் காயும்.

அடுத்த பிழை, பள்ளிக்கூட லீவைப் பார்த்து டிக்கெட் போடுவது. டிசம்பரில் லீவு விட்டதும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் பறப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எங்கள் குளங்களை நிரப்புகிற அதே வடகிழக்குப் பருவமழைதான் சென்னைத் தெருக்களையும் நிரப்புகிறது. அங்கே வருடத்துக்குப் பெய்யும் சுமார் 1400 மில்லிமீற்றரில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடும் ஓடுபாதையில் தண்ணீர் ஏறியது. கப்பலை நம்பினாலும் இதே கதைதான். காங்கேசன்துறை–நாகப்பட்டினம் சேவை 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, மாரி வருகிறது என்று சில நாட்களிலேயே நின்றது. திரும்ப ஓடியது 2024 ஆகஸ்ட்டில். அந்தக் கடலுக்கும் வாடைக்காற்று காலம் ஆகாது.

"அப்ப சென்னையில நிக்காமல் நேரா காசிக்குப் போவம்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில வருடங்களுக்கு முன் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு டிசம்பர் கடைசியில் போனேன். அவர் எடுத்து வைத்தது நாலு பருத்திச் சேலையும் ஒரு மெல்லிய சால்வையும். சுவெட்டர் வாங்குவோமா என்றதற்கு, "நான் பாக்காத பனியோ?" என்று ஒரே பேச்சு. விடியப்புறம் ரயில் வயல்வெளி நடுவே நின்றுவிட்டது. யன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை, பக்கத்துத் தண்டவாளம்கூடத் தெரியவில்லை. ஒன்பது மணித்தியாலம் தாமதம். பெரியம்மா ரயிலில் தந்த போர்வையைச் சேலைக்கு மேல் சுற்றிக்கொண்டு, மண் குவளையில் வந்த தேநீரைக் குடிக்காமல் ஒரு கன்னத்தில் கொஞ்ச நேரம், மறு கன்னத்தில் கொஞ்ச நேரம் என்று வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் படித்துறையில் இறங்கி நின்று அவர் கேட்ட கேள்வி: "தம்பி, கங்கை எங்க?" ஆறு காலடியில்தான் இருந்தது.

வட இந்தியச் சமவெளியில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும் மட்டும் இந்த மூடுபனி சாதாரணம். காற்று அசையாது, ஆறும் நீர் பாய்ச்சின வயல்களும் ஈரத்தைக் கக்கும், குளிர் அதை நிலத்தோடு அமுக்கி வைக்கும். ரயிலும் விமானமும் தாமதமாவது அதனால்தான். டில்லியில் ஜனவரி இரவு ஏழு பாகை அளவுக்கு இறங்கும். வவுனியாவில் இருபதுக்கு வந்தாலே காதைக் கட்டுகிற ஆட்கள் நாங்கள்.

ஆகஸ்ட் லீவுக்கு வேறு கணக்கு. தென்மேற்குப் பருவமழை ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் கால் வைத்து, ஜூலைக்குள் நாடு முழுக்கப் பரவிவிடும். மும்பையும் கேரளமும் நனைந்து கிடக்கும். ஆடி அமாவாசைக்குக் காசியில் பிதிர்க்கடன் செய்யலாம் என்று போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: கங்கை ஏறினால் படித்துறைகள் மூழ்கிவிடும், படகை நிறுத்திவிடுவார்கள். இமயமலைப் பக்கம் மண்சரிவு. கேதார்நாத்தில் 2013 ஜூனில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. ஆகஸ்ட்தான் தோது என்றால் தமிழ்நாட்டுக் கோயில்களோடு குற்றாலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரளத்து மழை மலை தாண்டிச் சாரலாக விழுகிற சீசன் அது. லடாக்கும் அப்போது நல்லது, ஆனால் லே 3500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இறங்கின அன்றே ஊர் சுற்றாமல் படுத்துக் கிடக்க வேண்டும்.

சித்திரை வருடப்பிறப்போடு போகிறவர்கள் சொல்வது, "வன்னி வெயில்ல வளர்ந்தனாங்கள், எங்களுக்கென்ன." மே மாதம் டில்லியில் 45 பாகை வரும், அடுப்பு வாயைத் திறந்த மாதிரி ஒரு காற்றும் வீசும். தமிழ்நாட்டிலும் அது கத்திரி வெயில். ஊட்டிக்கு என்றால் சரி, சனம் நெரியும்.

என்னைக் கேட்டால் மாசிதான். காலபோக நெல்லை வெட்டி வித்த காசு கையில் இருக்கும், சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்க இன்னும் நாள் கிடக்கும். பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரைக்கும் சென்னையிலும் காசியிலும் ராஜஸ்தானிலும் நடந்து திரியலாம். பிள்ளைகளுக்கு ஒரு கிழமைப் பள்ளிக்கூடம் போகும், அது உண்மைதான். காசியில் சிவராத்திரி நாட்களில் அறை கிடைப்பது பாடு, அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். காலையில் இன்னும் குளிரும், ஒரு சுவெட்டர் கிடக்கட்டும். இந்திய ரயில்களுக்கு இப்போது 60 நாள் முன்பே பதிவு திறக்கிறது. ஆகவே டிக்கெட் வேலையைப் பார்க்க வேண்டியது வயலில் மாரித் தண்ணீர் நிற்கிற அந்த டிசம்பர் கடைசியில்.