செல் செத்தால் போதுமா? புரதங்களைப் பிரிக்கும் மருந்தில் நாம் சறுக்கும் இடங்கள்

போன மாதம் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா கேட்டார்: "மஞ்சளே கேன்சரைக் கொல்லுதாமே, நீங்க எதுக்கு இத்தனை வருஷமா ஆராய்ச்சி பண்றீங்க?" சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் எங்கள் துறைக்குப் புதிதாக வருகிறவர்களும் இதே இடத்தில்தான் விழுகிறார்கள். புற்றுச் செல் செத்தது என்பது வேறு. நாம் குறிவைத்த இரண்டு புரதங்களைப் பிரித்ததால்தான் அது செத்தது என்பது வேறு.

இரண்டு புரதங்கள் ஒட்டும் பரப்பு பெரும்பாலும் 1500 முதல் 3000 சதுர ஆங்ஸ்ட்ராம் (அணுக்களை அளக்கும் அலகு) வரை இருக்கும், அதுவும் தட்டையாக. அதைப் பார்த்து மிரண்டு, முழுவதையும் மூடுகிற மாதிரி மூலக்கூறு வரைய உட்காராதீர்கள். பிடிமானத்தின் பெரும்பகுதி, புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் சிலவற்றில்தான் இருக்கும். புற்றைத் தடுக்கும் பி53 புரதம், தன்னை அடக்கிவைக்கும் எம்டிஎம்2 என்ற புரதத்தின் பள்ளத்தில் தன் மூன்றே அமினோ அமிலங்களைச் செருகிக்கொள்கிறது. இந்த இரண்டையும் பிரிக்க 2004-இல் வெளியான நட்லின் என்ற மூலக்கூறு அந்த மூன்றின் இடத்தில்தான் போய் உட்கார்ந்தது.

மூலக்கூறின் எடை 500 டால்டனைத் தாண்டினால் குப்பையில் போடு என்பதும் இங்கே சரிவராது. ரத்தப் புற்றுக்குத் தரும் வெனிட்டோகிளாக்ஸ் ஏறக்குறைய 868 டால்டன். அது மாத்திரையாகத்தான் கிடைக்கிறது, சாப்பாட்டோடு விழுங்க வேண்டும்.

அப்புறம் டாக்கிங் ஸ்கோர், அதாவது மூலக்கூறு புரதத்தில் எவ்வளவு நன்றாகப் பொருந்தும் என்று கணினி போடும் மதிப்பெண். டர்பனில் கரண்ட் போய்ப் போய் வந்த நாட்களில், ராத்திரி வேலை ஓடி முடிந்ததா என்று விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்ப்போம். அப்படி ஒரு மாணவிக்கு அருமையான ஸ்கோர் வந்தது. புரதங்கள் ஒட்டியிருப்பதை ஒளியால் காட்டும் ஒளிர்வுச் சோதனையிலும், அவை பிரிவதுபோல் வளைகோடு அழகாக இறங்கியது. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி லேசான கலங்கல். திரள்களைக் கலைக்கும் சோப்பு மாதிரியான ட்ரைட்டனை 0.01 சதவீதம் சேர்த்து மறுபடி செய்தபோது வளைகோடு இறங்கவே இல்லை. மூலக்கூறுகள் திரண்டு உருண்டையாகி, புரதத்தை அப்பிக்கொண்டிருந்திருக்கின்றன. அவ்வளவுதான் கதை. ஆறு மாத வேலையை அரை மணி நேரச் சோதனை காலி செய்தது. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

மஞ்சளின் குர்குமினும் இந்த ரகம்தான். தானே ஒளிரும், திரளும், நீரில் சிதையும், கண்ட புரதத்தோடும் வினைபுரியும். எந்தச் சோதனையில் போட்டாலும் ஏதாவது காட்டும். சாம்பாருக்கு நல்லது, மருந்து வடிவமைப்பை அதிலிருந்து தொடங்க நான் சொல்லமாட்டேன்.

குடும்பப் புரதங்களை மறப்பது இன்னொரு தவறு. நேவிட்டோகிளாக்ஸ் என்ற மருந்து, புற்றுச் செல்லைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்-2 புரதத்தை மட்டுமல்ல, அதன் பங்காளி பிசிஎல்-எக்ஸ்எல்-ஐயும் பிடித்தது. ரத்தத் தட்டணுக்கள் உயிரோடிருக்க அந்தப் பங்காளிதான் ஆதாரம். எனவே மருந்து எடுத்தவர்களுக்குத் தட்டணு எண்ணிக்கை சரிந்தது. பங்காளியை விட்டுவிட்டு பிசிஎல்-2-ஐ மட்டும் பிடிக்கும்படி திருத்தி வடிவமைத்ததுதான் வெனிட்டோகிளாக்ஸ். 2016-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரி, நம் மூலக்கூறு நினைத்த இடத்தில்தான் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? நட்லின் மாதிரி ஒன்றென்றால், பி53 நன்றாக இருக்கும் செல்லிலும், பி53 அறவே இல்லாத சாவோஸ்-2 என்ற எலும்புப் புற்றுச் செல்லிலும் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் செத்தால் அது வேறெங்கோ கைவைக்கிறது. கண்ணாடிப் பிம்ப வடிவத்தையும் கூடவே சோதியுங்கள்: நட்லின்-3-இல் ஒரு வடிவம் மற்றதைவிட ஏறக்குறைய 150 மடங்கு வலுவாகப் பிடிக்கும், எனவே பலவீனமான வடிவமும் அதே அளவுக்குக் கொன்றால் சந்தேகப்படுங்கள். அந்த மாணவி இப்போது புது மூலக்கூறு கைக்கு வந்தால், கணினிப் பக்கம் போகுமுன் ட்ரைட்டன் பாட்டிலைத்தான் தேடுகிறாள்.