பெட்டிக்குள் இருந்த காகிதங்களும் விளையாட்டுதான்: பழைய சாகச விளையாட்டுகளுக்குத் திரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வெளிவந்த, கதைக்குள் நடந்து புதிர்களை விடுவிக்கும் கணினிச் சாகச விளையாட்டுகளை இப்போது முதன்முறையாக எடுத்து ஆட விரும்பும் இளைஞர்கள் அவ்வப்போது என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் பெரும்பாலோர் இரண்டாவது மாலைக்குள் கைவிட்டுவிடுகிறார்கள். கேட்டால், விளையாட்டு பழசாகிவிட்டது, இன்றைக்கு ஒத்துவராது என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், எங்கள் தலைமுறை அந்த நாளில் செய்த அதே பிழைகளை அவர்களும் வரிசையாகச் செய்துகொண்டிருப்பது தெரிகிறது. சேமிக்க மறப்பது, திரையில் உள்ள பொருள்களைக் கவனிக்காமல் கடந்துபோவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓரிரு முறை அடிபட்டால் தானே திருந்திவிடும். அப்படித் தானே திருந்தாத தவறுகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

புகழ்பெற்ற இரண்டு மூன்றோடு நின்றுவிடுவது

'மங்கி ஐலண்ட்', 'கிரிம் ஃபாண்டாங்கோ' ஆகியவற்றை எல்லாப் பட்டியல்களும் பரிந்துரைக்கின்றன. அவை அதற்குத் தகுதியானவையும்கூட. ஆனால் பிரையன் மோரியார்ட்டியின் 'லூம்' (1990), ரெவல்யூஷன் நிறுவனத்தின் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' (1994), ஜோர்டன் மெக்னரின் 'தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்' (1997) ஆகியவற்றைத் தொடாமல் இந்தக் காலத்தை அறிந்துவிட்டதாக ஒருவர் சொன்னால் அதை ஏற்க எனக்கு மனம் வருவதில்லை. இவற்றில் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' 2003 முதல் இலவசமாகவே கிடைக்கிறது என்பதால், விலையைக் காரணம் சொல்லவும் வழியில்லை.

பெட்டிக்குள் இருந்ததைப் படிக்காமல் ஆட்டத்தைத் தொடங்குவது

இந்த ஒரு தவற்றைப் பற்றி நான் எத்தனை பேரிடம் எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை; இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இன்றைய விளையாட்டுகளுக்குக் கையேடு என்ற ஒன்று அநேகமாக இல்லை. எந்தப் பொத்தான் எதற்கு என்பதை ஆட்டத்தின் முதல் பத்து நிமிடங்களே கற்றுத்தந்துவிடும். ஆகவே பழைய விளையாட்டு ஒன்றோடு சேர்ந்து வரும் பிடிஎஃப் கோப்பைப் பார்க்கும் இளைஞர், அதுவும் பொத்தான்களின் விளக்கமாகத்தான் இருக்கும் என்று எண்ணித் திறக்காமலே விட்டுவிடுகிறார். அந்தக் காலத்தில் நிலைமை முற்றிலும் வேறு. கதையின் ஒரு பகுதியும் புதிர்களின் ஒரு பகுதியும் வட்டில் இல்லாமல் காகிதத்தில் அச்சாகிப் பெட்டிக்குள் வந்தன.

இதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது இடப்பற்றாக்குறை. இன்ஃபோகாம் நிறுவனம் 1982இல் 'டெட்லைன்' என்ற துப்பறியும் விளையாட்டை உருவாக்கியபோது, கதைக்குத் தேவையான எல்லாவற்றையும் அன்றைய ஃபிளாப்பி வட்டில் அடக்க முடியவில்லை. எனவே சாட்சிகளிடம் எடுத்த வாக்குமூலங்கள், ஆய்வக அறிக்கை, ஒரு சிறு உறையில் போட்ட மாத்திரைகள் ஆகியவற்றைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். வழக்குக் கோப்பைக் கையில் விரித்துவைத்துக்கொண்டு விசாரணை நடத்தும் அனுபவம் ஆடுபவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனதால், பிறகு வந்த ஒவ்வொரு விளையாட்டிலும் அதைத் தொடர்ந்தார்கள். 1986இல் வந்த 'டிரினிட்டி' பெட்டியில் அணுகுண்டின் கதையைச் சொல்லும் படக்கதைப் புத்தகமும், அட்டையால் ஆன சூரியக் கடிகாரமும், காகிதக் கொக்கு மடிக்கும் முறையும் இருந்தன. ஆட்டம் எதைப் பற்றியது என்ற மனநிலையை அவைதான் முதலில் உண்டாக்கின.

இரண்டாவது காரணம், திருட்டு நகலைத் தடுப்பது. வட்டை நகலெடுப்பது எளிது. அறுபது எழுபது பக்கப் புத்தகத்தை நகலெடுப்பது அன்று செலவு பிடிக்கும் காரியம். ஆகவே புத்தகம் இல்லாமல் தாண்ட முடியாத ஓர் இடத்தை ஆட்டத்துக்குள் வைத்தார்கள். நம் ஊரில் கணினிப் பயிற்சி மையங்கள் வழியாகக் கைமாறிவந்த ஃபிளாப்பி நகல்களில் ஆடிப் பழகியவர்கள் பெட்டி என்ற ஒன்றைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. எனவே பாதி ஆட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றுபோவதுதான் இவ்வகை விளையாட்டுகளின் இயல்பு என்றே நம்பிவிட்டோம்.

இப்போது ஒரு நடப்பைச் சொல்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர், என் பேச்சைக் கேட்டு 'கிங்ஸ் குவெஸ்ட் 6' (1992) வாங்கினார். ராபர்ட்டா வில்லியம்ஸும் ஜேன் ஜென்சனும் சேர்ந்து வடிவமைத்த இந்த விளையாட்டு, சியெரா நிறுவனத்தின் மிகச் சிறந்த படைப்புகளில் ஒன்று என்பது என் கருத்து. இளவரசன் அலெக்சாண்டர், காசிமா என்ற இளவரசியைத் தேடிப் பச்சைத் தீவுகளின் நாட்டுக்கு வந்து சேர்கிறான். அங்கே புனித மலைத் தீவின் கரையில் செங்குத்தான பாறை ஒன்று நிற்கிறது. அதில் எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சரியான எழுத்துகளைச் சரியான வரிசையில் அழுத்தினால் பாறையிலிருந்து படிகள் வெளியே வரும். ஏறிக்கொண்டே போகும்போது அடுத்தடுத்த புதிர்கள் எதிர்ப்படும். மேலே போன பிறகு தவறினால் அலெக்சாண்டர் விழுந்து இறப்பான்.

தம்பி அந்தப் பாறையில் ஏறி ஏறி விழுந்தார். மறுநாள் தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்து, "அண்ணா, இதுல நியாயமே இல்ல. இதுக்கெல்லாம் விடையை எங்க போய்த் தேடுறது?" என்றார்.

"வழிகாட்டிப் புத்தகத்தைப் படிச்சீங்களா?"

"மேனுவலா? மவுஸை எப்படி கிளிக் பண்றதுன்னு போட்டிருப்பாங்க. அதை எதுக்குண்ணா படிக்கணும்?"

அந்தப் பெட்டியில், டெரெக் கார்லாவேகன் என்ற கற்பனைப் பயணி எழுதியதாக ஒரு சிறு நூல் இருந்தது. தீவுகள் ஒவ்வொன்றிலும் யார் வாழ்கிறார்கள், அவர்களுடைய வரலாறு என்ன, பண்டைய மக்கள் விட்டுச்சென்ற எழுத்துகளுக்கு என்ன பொருள் என்பதையெல்லாம் அவன் ஒரு பயணக் கட்டுரைபோல் எழுதிச்செல்கிறான். பாறைப் புதிர்களுக்கான திறவுகோல் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. அதைப் படித்தவர் பாறைக்கு முன் வந்து நிற்கும்போது, தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு மொழியை வாசிக்கும் மகிழ்ச்சியை அடைகிறார். படிக்காதவருக்கோ அது அர்த்தமற்ற கல். முதல் அத்தியாயத்தைக் கிழித்தெறிந்துவிட்டு நாவலைப் படித்து, ஆசிரியருக்கு எழுதத் தெரியவில்லை என்று குறைசொல்வது போன்றதுதான் இது.

தம்பிக்குப் பாறையோடு நஷ்டம் முடிந்துவிடவில்லை என்பதால்தான் இதை மிகவும் விலை கொடுக்கவைக்கும் தவறு என்கிறேன். அவர் அன்று இரவே இணையத்தில் ஒரு வாக்த்ரூவை, அதாவது எல்லா விடைகளையும் படிப்படியாகச் சொல்லும் குறிப்பைத் திறந்தார். பாறையைத் தாண்டினார். ஆனால் விளையாட்டு நியாயமற்றது என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிட்டதால், அதற்குப் பின் வந்த நியாயமான புதிர்களையும் யோசித்துப் பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை. ஒவ்வொரு திரையிலும் அடுத்து என்ன என்று வாக்த்ரூவைப் பார்த்தே முடித்துவிட்டு, "ஒண்ணும் பெருசா இல்லையேண்ணா" என்றார். ஒரு விளையாட்டைப் புதிதாக ஆடும் வாய்ப்பு ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். விடைகள் தெரிந்த பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது.

'கிங்ஸ் குவெஸ்ட் 6' மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். 1989இல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி லாஸ்ட் குரூசேட்' விளையாட்டோடு, ஜோன்ஸின் தந்தை எழுதியதாக ஒரு குறிப்பேடு வந்தது. இறுதிக் காட்சியில் பல கிண்ணங்களுக்கு நடுவே எது உண்மையான புனிதக் கிண்ணம் என்று தேர்ந்தெடுக்க, ஆட்டத்தில் நாம் திரட்டிய தகவலை அந்தக் குறிப்பேட்டின் படங்களோடும் விவரிப்புகளோடும் ஒப்பிட்டாக வேண்டும். 'லூம்' பெட்டியில் சுமார் அரைமணி நேர ஒலி நாடகம் ஒன்று கேசட்டாக இருந்தது. கதாநாயகன் பாபின் பிறந்த வரலாறு அதில்தான் இருக்கிறது; அதைக் கேட்காமல் தொடங்குபவருக்கு, நெசவாளர் குலத்தின் பெரியோர்கள் ஏன் அவனை அப்படி வெறுக்கிறார்கள் என்பது பிடிபடாது. 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை', 'கேப்ரியல் நைட்' (1993) ஆகியவற்றின் பெட்டிகளில் கதையின் முன்பகுதி படக்கதையாக அச்சாகி வந்தது. முன்னதை வரைந்தவர் டேவ் கிப்பன்ஸ்.

இவற்றைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. பழைய விளையாட்டுகளை விற்கும் இணையக் கடைகளில், வாங்கிய விளையாட்டின் பக்கத்திலேயே கூடுதல் கோப்புகள் என்ற பகுதி இருக்கும். நிறுவுவதற்கு முன் அதைத் திறந்து, அங்குள்ள எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் அச்செடுத்து மேசைமேல் வையுங்கள். ஆடுவதற்கு முந்தைய இரவு அதைப் படிப்பதே ஆட்டத்தின் தொடக்கம்.

ஒரே சேமிப்பின்மேல் திரும்பத் திரும்பச் சேமிப்பது

சியெரா நிறுவனத்தின் பழைய விளையாட்டுகளில், நாம் செய்த தவறு பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். 'கிங்ஸ் குவெஸ்ட் 5'இல் (1990) பேக்கரிப் பக்கம் நடக்கும்போது ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்தச் சில விநாடிகளுக்குள் கையில் இருக்கும் பழைய காலணியைப் பூனைமேல் எறிந்தாக வேண்டும். எறியாவிட்டால் அப்போது எதுவும் நடக்காது. ஆனால் வெகுநேரம் கழித்து, விடுதியின் நிலவறையில் கட்டிப்போடப்பட்டுக் கிடக்கும்போது கயிற்றைக் கடித்து அறுக்க அந்த எலி வராது. அதே பேக்கரியில் வாங்கிய கஸ்டர்ட் பை என்ற இனிப்புப் பண்டத்தைப் பசிக்குத் தின்றுவிட்டால், பனிமலையில் யெட்டி என்ற பனிமனிதப் பூதத்தின் முகத்தில் எறிய எதுவும் மிஞ்சாது. ஆகவே முக்கியமான இடங்கள் ஒவ்வொன்றிலும் புதிய பெயரில் சேமியுங்கள். 'பேக்கரிக்கு முன்', 'மலைக்கு முன்' என்று பெயர் வைத்தால் எங்கே திரும்பிச்செல்வது என்று தெளிவாகத் தெரியும். 'லூம்' போன்றவற்றில் இந்தக் கவலை இல்லை. அங்கே நாம் இறப்பதும் இல்லை, வழியடைத்துப்போவதும் இல்லை.

படத்தை இழுத்தும் மழுப்பியும் பார்ப்பது

அந்தக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் 320க்கு 200 புள்ளிகள் என்ற அளவில் வரையப்பட்டு, 4:3 விகிதத் திரையில் காட்டப்பட்டன. அதாவது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிடச் சற்று உயரமாகத் தெரிந்தது. இன்றைய கணினியில் அப்படியே காட்டினால் மனிதர்கள் குட்டையாகவும் நிலா தட்டையாகவும் தெரிவார்கள். அகலத்திரை முழுவதற்கும் இழுத்தால் இன்னும் மோசம். பழைய சாகச விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓடவைக்கும் ஸ்கம்விஎம் மென்பொருளில் பட விகிதத்தைச் சரிசெய்ய ஒரு தெரிவு உண்டு, அதை இயக்கிவிடுங்கள். படத்தை வழவழப்பாக்கும் வடிகட்டிகளை நிறுத்திவிடுங்கள். 'லூம்' 16 வண்ணங்களில் வந்தபோது, ஓவியர் மார்க் ஃபெராரி புள்ளிகளை மாற்றி மாற்றி அடுக்கி, இல்லாத வண்ணங்களைக் கண்ணுக்குக் காட்டினார். அந்த வேலைப்பாட்டை வடிகட்டி அழித்துவிடும்.

பதிப்பைக் கவனிக்காமல் வாங்குவது

புதிய பதிப்பு என்றால் மேம்பட்ட பதிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. 1992இல் குரல் சேர்த்து வெளியான 'லூம்' குறுந்தகடு 256 வண்ணங்களில் அழகாகவே இருக்கிறது. ஆனால் முழு ஒலியையும் ஒரே தகட்டில் அடக்க வேண்டியிருந்ததால் வசனங்களைச் சுருக்கினார்கள். பேசுபவரின் முகத்தை அருகில் காட்டிய சித்திரங்களும் போய்விட்டன. கடைகளில் பொதுவாகக் கிடைப்பது இந்தக் குரல் பதிப்புதான். முதலில் ஆட வேண்டியது 1990ஆம் ஆண்டின் 16 வண்ணப் பதிப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை.

எழுதிக்கொள்ளாமல் ஆடுவது

பென்சில் வேண்டும், 'லூம்' ஆட்டத்தில் இசைத்துப் போடும் மந்திரங்களின் சுரங்கள் பலவும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்.

'லாஸ்ட் எக்ஸ்பிரஸ்' ரயிலில் எதையும் தவறவிடக் கூடாது என்று பதறுவது

1914 ஜூலை 24ஆம் தேதி மாலை பாரிஸிலிருந்து கான்ஸ்டான்டினோபிளுக்குப் புறப்படும் ரயில். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் காத் ஓடும் ரயிலில் ஏறி நண்பரின் பெட்டிக்குப் போனால், அங்கே அவர் கொலையுண்டு கிடக்கிறார். இந்த விளையாட்டில் நேரம் நமக்காகக் காத்திருப்பதில்லை. நாம் உணவுப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போதே, இரண்டு பெட்டிகள் தள்ளி வேறு பயணிகள் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். புதிதாக ஆடுபவர்கள் எல்லா உரையாடல்களையும் கேட்டுவிட வேண்டும் என்று நடைபாதையில் மேலும் கீழுமாக ஓடுகிறார்கள். ஒன்றைத் தவறவிட்டதும் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்புகிறார்கள். கடிகாரத்தைத் திருப்பும் வசதி, கதை முடங்கிப்போனால் மீள்வதற்காகத் தரப்பட்டது. எல்லாவற்றையும் சேகரிக்க அதைப் பயன்படுத்தினால், ரயிலில் பயணம் செய்யும் உணர்வே போய்விடும்.

முதல் முறை ஆடும்போது உணவுப் பெட்டியில் ஓர் இருக்கையில் அமர்ந்து, பக்கத்து மேசைப் பேச்சைக் கேளுங்கள். கதாநாயகன் காத்துக்குத் தெரிந்த மொழி என்றால் வசனம் எழுத்தில் வரும். தெரியாத மொழி என்றால் நமக்கும் புரியாது. அதுவும் திட்டமிட்டுச் செய்ததே. பிற்பாடு நடக்கும் வயலின் கச்சேரியை முழுவதும் கேட்பதா, எல்லோரும் அங்கே கூடியிருக்கும் நேரத்தில் எழுந்துபோய் மற்றவர்களின் அறைகளைத் துழாவுவதா என்ற முடிவும் நம்முடையது. கச்சேரியைப் பாதியில் விட்டு எழுந்தவர், இரண்டாம் முறை ஆடும்போது முழுவதும் இருந்து கேட்கலாம்.

தட்டச்சு செய்ய வேண்டும் என்பதற்காக ஒதுக்குவது

'டிரினிட்டி' போன்ற படமில்லா விளையாட்டுகளுக்குப் பெரிய ஆங்கிலப் புலமை தேவையில்லை. ஒரு வினைச்சொல், ஒரு பெயர்ச்சொல் என்று இரண்டு சொற்களில் கட்டளையிட்டாலே பெரும்பாலும் போதும். அதற்குப் புரியும் வினைச்சொற்கள் பலவற்றையும் பெட்டியோடு வந்த கையேடே சொல்லிவிடுகிறது.