இலகு ரயில் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்.ஆர்.டி எனப்படும் இலகு ரயிலில் புதிதாக ஏறுபவர்கள், மெட்ரோவிலோ பஸ்ஸிலோ போய்ப் பழகிய பழக்கத்தை அப்படியே இங்கேயும் கொண்டுவந்துவிடுகிறார்கள். பெரும்பாலான சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெயரும் கொஞ்சம் குழப்பும். 'இலகு' என்றால் பெட்டி எடை குறைவு என்று அர்த்தமில்லை. பெரிய ரயில்களைவிடக் குறைவான பயணிகளை ஏற்றிச் செல்வது என்று பொருள். ஊருக்கு ஊர் உருவமும் மாறும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அது பெரும்பாலும் தூண்கள்மேல், தனிப்பாதையில் ஓடுகிறது. நிலையத்தில் டிக்கெட்டைக் காட்டினால் திறக்கும் கேட் இருக்கும். சிட்னியிலும் மான்செஸ்டரிலும் பல இடங்களில் சாலையிலேயே வந்து நிற்கும். கேட் கிடையாது.

கேட் இல்லாத ஊரில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தடுக்க யாரும் இல்லை, உள்ளே போய் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் என்று ஏறிவிடுவார்கள். பெட்டிக்குள் டிக்கெட் கொடுக்கப் பெரும்பாலும் ஆள் இருக்கமாட்டார்; பரிசோதகர்தான் வருவார். இன்னும் பரிதாபம், டிக்கெட் வாங்கியும் அபராதம் கட்டுவது. சில ஊர்களில் டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது. பிளாட்பாரத்தில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் அதைச் செருகி, தேதியும் நேரமும் பதித்துக்கொள்ள வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருக்கும், ஆனால் அதில் நேரம் பதிந்திருக்காது. பரிசோதகர் கணக்கில் அது செல்லாத டிக்கெட். அதனால் வாங்கியதும், நேரம் பதிக்கச் சொல்லியிருக்கிறதா என்று ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

டிக்கெட்டுக்குப் பதில் பயணக் கார்டு என்றால் வேறு கேள்வி: இறங்கும்போதும் அதைக் கருவியில் தட்ட வேண்டுமா? அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஏறும்போது தட்டினால் போதும். சிட்னியில் இறங்கியும் தட்ட வேண்டும். மறந்தால் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள். மெல்போர்ன் நகர மையத்தில் டிராம் (சாலையிலேயே ஓடும் ரயில்) பயணம் இலவசம். அந்த எல்லைக்குள்ளேயே ஏறி இறங்குகிறவர் பழக்கதோஷத்தில் கார்டைத் தட்டினால்தான் காசு போகும்! போகிற ஊரின் விதியை ஏறுவதற்கு முன்பே ஒரு நிமிடம் படித்துவிடுவது நல்லது.

அடுத்தது திசை. எந்த வழித்தடம் என்று மட்டும் பார்த்தால் போதாது, ரயிலின் நெற்றியில் எழுதியிருக்கும் கடைசி நிலையத்தின் பெயரையும் பாருங்கள். கோலாலம்பூரின் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் ஒரே பிளாட்பாரத்துக்கு அம்பாங் போகும் ரயிலும் வரும், புத்ரா ஹைட்ஸ் போகும் ரயிலும் வரும். சான் சௌ லின் வரை இரண்டும் ஒரே பாதை, அதன்பின் பிரிந்துவிடும். முதலில் வந்ததில் ஏறிவிட்டாலும் பதற வேண்டாம். பிரிவதற்கு முன் சான் சௌ லின்னில் இறங்கி அடுத்ததைப் பிடித்தால் சரி. அதைத் தாண்டிவிட்டால் திரும்பி வரத்தான் வேண்டும். சிங்கப்பூரின் செங்காங், பொங்கோல் பகுதிகளில் ரயில் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அங்கே கிழக்கு வட்டமா, மேற்கு வட்டமா என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

கதவு முன்னால் நின்றுகொண்டு அது தானாகத் திறக்கும் என்று காத்திருப்பதும் அடிக்கடி நடக்கிறது. பல ரயில்களில் கதவிலேயே ஒரு பட்டன் இருக்கும். அதில் விளக்கு எரியும்போது அழுத்தினால்தான் திறக்கும். அழுத்தாமல் நின்றால் ரயில் போய்விடும்.

இதுவரை சொன்னவற்றில் போவது காசும் நேரமும்தான். தண்டவாளத்தைக் கடப்பதில் செய்யும் தவறு உயிருக்கே ஆபத்து. சாலையில் ஓடுவதால் இதைப் பஸ் மாதிரி நினைத்துக் குறுக்கே போகிறார்கள். பஸ் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை ஒடித்துத் தப்பிக்கலாம். தண்டவாளத்தில் ஓடும் ரயிலால் விலக முடியாது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருள்வதால் பிடிமானம் குறைவு, பிரேக் போட்டாலும் நிற்கத் தூரம் பிடிக்கும். மின்சாரத்தில் ஓடுவதால் சத்தமும் குறைவு. காதில் இயர்போன் இருந்தால் கடப்பதற்கு முன் கழற்றிவிடுங்கள். ஒரு ரயில் போனதும் உடனே காலை எடுத்து வைக்காதீர்கள். அது மறைத்திருந்த எதிர்த் தண்டவாளத்தில் இன்னொன்று வந்துகொண்டிருக்கலாம். சைக்கிளில் போகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். சாலையில் பதித்த தண்டவாளத்தை ஒட்டி ஒரு பள்ளம் ஓடும், சைக்கிள் டயர் சரியாக அதற்குள் இறங்கிவிடும். சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் சிக்கி ஆள் கீழே விழுவார். தண்டவாளத்துக்கு நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். மழை பெய்திருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள்.

அப்புறம் நேரம். சாலையில் ஓடும் பாதைகளில் இதுவும் சிக்னலில் நிற்கும், நெரிசலில் தாமதமாகும். விமானத்தையோ வெளியூர் ரயிலையோ பிடிக்கப் போகிறீர்கள் என்றால், கால அட்டவணைப்படி சரியான நேரத்துக்குப் போய்ச் சேரும் ரயிலுக்கு முந்தைய ரயிலிலேயே ஏறிவிடுங்கள். இரவு வெளியே போகும்போது, திரும்பும்போது ஏற வேண்டிய நிலையத்தில் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அது மாறலாம்.